தேதி சொல்லாத ஆடிட்

மண்ணரை என்ற ஊரில் பனியன் கம்பெனி நடத்திய ஆத்தப்பனுக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை நோய். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரைப் போலவே அதையும் அவர் மரியாதையாக நடத்தினார். அதாவது, வருகிற தேதி தெரிந்தால் மட்டும்.

பையரின் ஆள் கம்பெனியைச் சோதிக்க ஆடிட்டுக்கு வருகிறார் என்றால் தைப்பவர்கள் மூக்கில் மாஸ்க் ஏறும். வழியை அடைத்த துணி மூட்டைகள் மாயமாகும். முதலுதவிப் பெட்டிக்குள் நிஜமாகவே மருந்து இருக்கும். அவர் கார் தெருமுனை திரும்பியதும் எல்லாம் பழையபடி. ரத்தப் பரிசோதனைக்கும் இதே ஏற்பாடுதான்: முந்தின இரண்டு நாள் களி, வேளை தவறாத மாத்திரை. ரிப்போர்ட் நன்றாக வந்த சந்தோஷத்தில், நேராக பேக்கரிக்குப் போய் தேங்காய் பன்.

“ஏனுங்க, டாக்டரை ஏமாத்தறீங்களா, உடம்பையா?” என்பார் மனைவி கருப்பாத்தாள்.

“பாஸ் ஆயிட்டனில்ல, அப்பறமென்ன?”

2007 சித்திரையில் ஒருநாள் கம்பெனி மாடிப்படி ஏறும்போது சட்டை நனைய வியர்த்து மூச்சு வாங்கியது. ஆனால் நெஞ்சில் வலியே இல்லை. வாயு என்று தீர்ப்புச் சொல்லி சோடா குடித்தார். சாப்பாடு கொண்டுவந்த கருப்பாத்தாள் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. துணி ஏற்றிக்கொண்டிருந்த வேனிலேயே அவரையும் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

“இது ரெண்டாவது அட்டாக்குங்க,” என்றார் டாக்டர். “மொதலாவது எப்பவோ வந்துட்டுப் போயிருக்குது.”

“எனக்குத் தெரியாமங்களா?” ஆத்தப்பன் குரலில் பயத்தைவிட அவமானம் அதிகம். அவருக்குத் தெரியாமல் கம்பெனிக்குள் ஓர் ஊசிகூட நுழைந்ததில்லை.

“சர்க்கரை இருதயத்து ரத்தக் குழாயையும் கெடுக்கும், நரம்பையும் கெடுக்கும். அதனால சில பேருக்கு வலியே தெரியாதுங்க.”

“ரிப்போர்ட்டெல்லாம் நல்லா இருந்துச்சுங்களே!”

“மூணு மாசச் சர்க்கரைன்னு ஒரு டெஸ்ட் இருக்குதுங்க. ரெண்டு நாள் பத்தியம் அதுகிட்டப் பலிக்காது.”

“பொழைச்சுக்குவாருங்களா?” என்றார் கருப்பாத்தாள்.

“இப்பப் பொழைச்சுக்கிட்டாருங்க. இனிமேல் தினமும் பொழைக்கோணும்.”

அன்றிலிருந்து ஆத்தப்பனுக்கு ஆடிட் தேதி இல்லாமல் போயிற்று. கருப்பாத்தாள் எந்த நேரத்திலும் கம்பெனிக்குள் வருவார். மாத்திரை அட்டையைப் பார்ப்பார். பன் ஒளிந்திருக்கிறதா என்று மேஜை டிராயரைத் திறப்பார். தைப்பவர்கள் தலையைக் குனிந்து சிரிப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர் எப்போது வருவாரோ என்ற பயத்தில் மூட்டைகளும் வழியை விட்டு நிரந்தரமாக ஒதுங்கிவிட்டன.

மூன்று மாதச் சர்க்கரை இறங்கியிருந்த நாளில், “பாஸ் ஆயிட்டனா?” என்று மனைவியின் முகத்தைப் பார்த்தார். பேக்கரி எதிரில்தான் இருந்தது.

“நாளைக்கும் வருவனுங்க,” என்றார் கருப்பாத்தாள்.