பனியன் துணி ஒட்டிய ஸ்பீக்கர்

இந்தக் குழுவில் எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள். நான் ஓரமாக நின்று படித்துவிட்டுப் போகிறவள். இன்று ஒரு நாள் குறுக்கே வந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ரேடியோப் பெட்டிக்குள் சூடேறிய வால்வின் மேல் தூசி கருகும் வாசனை தெரியுமா? அதோடு மெஷின் எண்ணெயும் புதுப் பனியன் துணியின் பஞ்சு வாசமும் கலந்தால்... எனக்கு அதுதான் டெலிவிஷன்.

எழுபதுகளின் நடுவில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் டிகிரி முடித்த முதல் ஆள். அதே கம்பெனியில் அம்மா பிசிறு வெட்டினாள். அப்பாவும் அங்கேதான் நிட்டிங் மெஷின் ஓட்டினார். நான் காலேஜில் இருந்தபோது மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோய்விட்டது.

முதலாளியின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு பழைய டெலிவிஷனைக் கப்பலில் கொண்டுவந்து கொடுத்தார். மரப்பெட்டி. உப்புக்காற்று பாதியைத் தின்றிருந்தது. மெட்ராசில் அப்போதுதான் ஒளிபரப்பு ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் ஊருக்கு எட்டாது.

"இன்னைக்கில்லீன்னா நாளைக்கு வராமயா போகும்? வர்றப்ப நம்ம பொட்டி ரெடியா இருக்கோணும்" என்பார் முதலாளி.

ரிப்பேருக்கு வந்தவர் ரேடியோக்கடை ராசு அண்ணன். உதிரிபாகம் எங்கேயும் கிடைக்கவில்லை. சேனல் திருப்புகிற இடத்தில் ஒரு தகடு ஒடிந்திருந்தது. நிட்டிங் மெஷினின் உடைந்த ஊசியை வளைத்து வைத்தார். நூல் சுற்றி வரும் அட்டைக் கோனை அறுத்து, அதன்மேல் செப்புக்கம்பியைச் சுற்றிச் சுருளாக்கினார். ஏரியலுக்குச் சாயப்பட்டறையில் துணி காயப்போடும் அலுமினியக் குழாய்.

"ஏப்பா ராசு, இது டெலிவிசனா, நம்ம கம்பெனியா?" என்றார் முதலாளி.

"கரண்ட்டு குடுத்தா பனியனே வந்து விழுமுங்க!"

ஸ்பீக்கருக்குத்தான் வழி இல்லை. எலி கடித்துக் குதறியிருந்தது. முட்டை வடிவ ஸ்பீக்கர். கோயமுத்தூர் முழுக்கத் தேடியும் அந்த அளவில் இல்லை. கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஏனுங்க்கா... அண்ணனோட ரேடியோ சும்மாதான கெடக்குது? அதுல இருக்கறது இதே சைசுங்க."

அப்பா போனபின் அந்த ரேடியோவை யாரும் போட்டதில்லை. அதன் ஸ்பீக்கரும் முன்பு ஒருமுறை கிழிந்து, அப்பா கம்பெனியிலிருந்து ஒரு துண்டு பனியன் துணி கொண்டுவந்து பசை தடவி ஒட்டியிருந்தார். அன்றிலிருந்து ஆண் குரல் தாழ்ந்து வந்தால் உள்ளே ஒரு வண்டு இரையும். நியூஸ் வாசிக்கிறவர்கூடத் தொண்டை கட்டியவர் மாதிரிதான் பேசுவார். அப்பாவுக்கும் அப்படிக் கரகரத்த குரல்.

"துணியவா ஒட்டுனீங்க? உங்களையே ஒட்டி வெச்சாப்பல இருக்குது" என்று அம்மா கேலி செய்வாள்.

அன்று அம்மா ரேடியோவை முந்தானையால் துடைத்தாள். "எடுத்துக்க தம்பி" என்றாள். அவ்வளவுதான்.

மே மாதம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆபீஸ் அறையில் ராசு அண்ணன் சுவிட்சைப் போட்டார். திரை முழுக்க வெள்ளைப் பொரி. 'உஸ்ஸ்' என்று ஒரே இரைச்சல்... இரைச்சலுக்குள் அந்த வண்டு. திரும்பிப் பார்த்தால், பிசிறு வெட்டும் கத்தரியோடு அம்மா வாசலில் நிற்கிறாள்.

அப்போதுதான் பொரி விலகியது.

ஓர் ஆளின் தோள். கழுத்து. முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. என்ன மொழியோ தெரியவில்லை, தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கரகரவென்று.

அம்மா அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏனுங்க' என்றுதான். அந்தச் சொல்லை ஊரில் எல்லோரிடமும் சொல்வாள், வெட்டென்று. அப்பாவிடம் மட்டும் கடைசியில் ஒரு இழுப்பு இருக்கும்.

"ஏனுங்க்க..." என்றாள் அம்மா. இழுத்து.

திரையில் இருந்த ஆள் பேச்சை நிறுத்தினார். மெல்ல இந்தப் பக்கம் தலையைத் திருப்பினார். முகம் தெரிவதற்குள் பொரி மூடிக்கொண்டது.

"எங்கியோ தூரத்து ஸ்டேசனுங்க... வெயில் காலத்துல அலை இப்பிடி வழிதப்பி வந்துரும்" என்றார் ராசு அண்ணன். சொன்னவர் பெட்டியைத் தொட்டு அணைக்க மட்டும் வரவில்லை. முதலாளிதான் போய் மெயினை அணைத்தார்.

அதன்பின் வேலை முடிந்ததும் அம்மா ஆபீசுக்கு வந்து தரையில் உட்காருவாள். முதலாளியே சுவிட்சைப் போட்டுவிடுவார். உருவம் எதுவும் வரவில்லை. வெறும் இரைச்சல். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. வீட்டுக்கு நடக்கும்போது சிரித்துப் பேசிக்கொண்டு வருவாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முதலாளியம்மா பயந்துவிட்டார். "செத்தவங்க கூடப் பேசற பொட்டி நமக்கு ஆகாதுங்க. அனுப்பிருங்க."

நூல் ஏற்றிப்போகும் லாரியில் அதை வெள்ளகோவிலில் ஒரு சிநேகிதருக்கு அனுப்பிவிட்டார் முதலாளி. அன்று மாலை அம்மா வந்தபோது மேஜைமேல் தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது.

"எடுத்துட்டாங்களா கண்ணு?" என்று கேட்டாள்.

எங்கள் பக்கம் இழவு வீட்டுக்குத் தாமதமாக வருகிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

இப்போது என் வீட்டில் சுவரளவு டிவி. சிக்னல் போனால் நீலமாகி வாயை மூடிக்கொள்கிறது. அந்தப் பொரியும் இல்லை, இரைச்சலும் இல்லை. சுத்தமான அமைதி. அதில் யார் வந்து பேச முடியும்?

அம்மாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. கண் போய்விட்டது. சில நாள் என்னையே யாரென்று கேட்கிறாள். காது மட்டும் நன்றாக இருக்கிறது. பொழுது சாய்ந்தால் டிவி இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்துகொள்கிறாள்.

கேட்க வெட்கமாக இருக்கிறது. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

வெள்ளகோவில், காங்கயம் பக்கம் யார் வீட்டு அட்டாலிப் பரணிலாவது, பழைய சாமான் கடையிலாவது அந்த மரப்பெட்டி கிடக்கலாம். அது வேலை செய்ய வேண்டியதில்லை. உள்ளே முட்டை வடிவ ஸ்பீக்கரில் வெள்ளைப் பனியன் துணி ஒட்டியிருந்தால் அதுதான். அதைக் கழற்றி, ஏதாவது ஓர் ஆண் குரலை அதன் வழியாக ஓடவிட்டு, போனில் பதிந்து எனக்கு அனுப்புவீர்களா?

கொஞ்சம் சீக்கிரமாக.