அவர்கள் அளந்தது நிலத்தை அல்ல

சேவூரில் எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் துணைமின் நிலையம் இருக்கிறது. என் கணவரின் அண்ணன், வேலிக்கல் செலவை மிச்சம்பிடிக்க, எங்கள் கம்பி வேலியை அதன் இரும்பு வேலியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்.

ஒருநாள் மின் ஊழியர்கள் எங்கள் தோட்டத்து மண்ணில் கம்பிகளை அடித்து, மீட்டர் வைத்து அளந்தார்கள்.

"ஏனுங்க, யாரைக் கேட்டு எங்க பூமிய அளக்கறீங்க?" என்று அவர் பாய்ந்தார்.

"பூமிய இல்லீங்க. லைன்ல கோளாறு வந்தா மண்ணுலயும் வேலியிலயும் எவ்வளவு கரண்ட் ஏறும்னு பாக்கறமுங்க."

அவர் நம்பவில்லை. கம்பிகளைப் பிடுங்கி எறிந்து விரட்டினார்.

அடுத்த மழையில் துணைமின் நிலையத்தில் ஏதோ வெடித்தது. வேலியில் உரசி நின்ற எங்கள் கறவை மாடு சுருண்டு விழுந்து செத்தது. அதே வேலிக் கம்பியில் காய்ந்த துணிகளை அப்போதுதான் எடுத்து வந்திருந்தேன்.

"மாட்டுக்கு ஆயுசு அவ்வளவுதான், அம்மிணி" என்றார் கணவரின் அண்ணன், கூசாமல்.

துணைமின் நிலையத்தில் சொல்லி இரண்டு வேலிகளையும் பிரிக்க வைத்தேன். அளக்க வருகிறவர்களுக்கு இப்போது நானே கேட்டைத் திறந்துவிடுகிறேன். அவருக்குத்தான் திறப்பதில்லை.