சந்தில் தாழ்ந்த சிங்கம்

சிங்க ஆட்டத்தில் பின்கால் ஆடுகிறவனுக்குக் கூட்டமும் தெரியாது, வானமும் தெரியாது. துணிக்குள் குனிந்து, முன்னால் நிற்கிறவனின் இடுப்புக் கச்சையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவன் குதிகாலைப் பார்த்தே ஆட வேண்டும். நான் பிடித்தது குவாய் அண்ணனின் கச்சை. ஃபோஷான் சந்தையில் மாட்டிறைச்சிக் கடை அவருக்கு, பக்கத்திலேயே தோஃபு கடை எனக்கு. அவர் முதுகைப் பார்த்தே எனக்குப் பாதி ஆயுசு போய்விட்டது. இதைச் சொன்னால் சௌ-லான் அண்ணி ஈரத்துணியை எடுத்துக்கொண்டு அடிக்க வருவாள்.

ஒரு காலத்தில் அண்ணனுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "எலும்பையும் சேர்த்து நிறுத்துட்டியே" என்று யாராவது முணுமுணுத்தால் போதும், கத்தியைக் கட்டையில் குத்திவிட்டுத் தெருவுக்கு வந்துவிடுவார். எங்கள் சண்டைக்கூடத்தில் அவர் கைக்கு எதிரில் நிற்க ஆளில்லை. அந்தக் கைதான் வினையானது. ஒரு புத்தாண்டு ஊர்வலத்தில் வடக்கு வாசல் என்ற இன்னொரு கூடத்துச் சிங்கம் எதிரே வந்தது. அதன் தலையைத் தூக்கி ஆடிய டாம் ஹோய் ஏதோ நக்கலடிக்க, அண்ணன் தன் சிங்கத்தலையைக் கழற்றி எறிந்துவிட்டு அவன் தாடையை உடைத்தார். நேராகச் சிறைக்குப் போனார்.

அவர் திரும்பி வரும்வரை அண்ணி முதுகில் குழந்தை திங்கைக் கட்டிக்கொண்டு கறி வெட்டினாள். வந்த அன்றைக்கே, நான் நிற்கிறேன் என்றுகூடப் பார்க்காமல் சொன்னாள்: "இன்னொரு தடவை உங்க கை யார் மேலயாவது பட்டுச்சுன்னா, நான் திங்கைத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். வாசல்ல வந்து அழுதாலும் வரமாட்டேன்." சொன்னதோடு நிற்கவில்லை. துணிமணியை ஒரு பையில் அடைத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டாள். அண்ணன் தினமும் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டுதான் செருப்பு மாட்டுவார்.

கூடத்துக்குத் திரும்பியவர் குத்து வேண்டாம், உதை வேண்டாம் என்றுவிட்டார். மூலையில் போய்க் குதிரை நிலையில் நின்றார். கால் இரண்டையும் அகட்டி, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தமாதிரி, தொடை நடுங்க நடுங்க நிற்பது அது. புதிதாகச் சேரும் பொடியன்களுக்கு முதலில் சொல்லித்தருவது. "அண்ணன் கக்கூஸ்ல இருக்காரு, கதவைத் தட்டிட்டுப் போங்கடா" என்று எங்கள் மேளக்காரன் குண்டு ங்காவ் கேலி செய்வான். அண்ணன் திரும்பியும் பார்க்கமாட்டார்.

"ஏண்ணே இந்தக் கொடுமை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கோபம் வரும்போது தொடையில வலி வந்துருச்சுன்னா, எந்தக் கோபம்னே மறந்து போயிருதுடா."

நம்பமாட்டீர்கள், கடையிலும் அதையே செய்தார். யாராவது அநியாயத்துக்குப் பேரம் பேசினால் கட்டைக்குப் பின்னால் அப்படியே காலை மடக்கி இறங்குவார். பேரம் நீள நீள ஆள் குள்ளமாவார். வெளியூர்க்காரர்கள் பயந்துபோய்ச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு ஓடியதும் உண்டு. "கண்ணு மட்டும் கட்டைக்கு மேல தெரிஞ்சா, உள்ள கொதிக்குதுன்னு அர்த்தம்" என்பாள் அண்ணி. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் பையைக் கழற்றவில்லை.

அப்படியே வருஷங்கள் போயின. அப்புறம் வந்த ஒரு புத்தாண்டுக்குத்தான் அவர் மறுபடியும் சிங்கத்தலையைத் தூக்குவதாக இருந்தது. புறப்படும்போது பார்த்தால், கூடத்துக்குப் பக்கத்துக் குறுக்குச் சந்தின் முனையில் அண்ணி ஒரு கையில் வளர்ந்துவிட்ட திங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் அந்தப் பையோடு நிற்கிறாள்.

"பையை வீட்ல வச்சிட்டு வந்திருக்கலாமே அண்ணி?"

"வேடிக்கை பாக்கத்தான் வந்திருக்கேன். நீ போய் ஆடு."

அண்ணன் சிங்கத்தலையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

கடைத்தெருவில் ஆடி முடித்து, திரும்பி வர அந்தக் குறுக்குச் சந்தில் நுழைந்தோம். பாதி தூரம் போனதும் எதிரிலிருந்து இன்னொரு முரசு. எனக்குத் தெரிந்தது துணி ஓரத்தில் தெரிந்த கால்கள் மட்டும்தான். கறுப்பு ரோமம் வைத்த காலணிகள். வடக்கு வாசல்! இத்தனை சந்து இருக்கிற ஊரில் இவர்களுக்கு இந்தச் சந்துதானா கிடைத்தது?

இரண்டு கூடத்துச் சிங்கங்கள் எதிர்ப்பட்டால் முரசை அடக்கி வாசிக்க வேண்டும், தலையைத் தாழ்த்த வேண்டும், சுவரோரம் ஒதுங்கிக் கடக்க வேண்டும். தலை நிமிர்ந்தால் வம்பு. காலைத் தூக்கினால் சண்டைக்கு அழைப்பு. அவர்களுடைய முரசு அடங்கியது. எங்களுடையது அடங்கவில்லை. காலையிலேயே ஏற்றிக்கொண்டு வந்த குண்டு ங்காவ், வாசலில் தொங்கும் கீரைக்கட்டைச் சிங்கம் பாய்ந்து பறிக்கும்போது அடிக்கிற அடியை அடித்துக்கொண்டே வந்தான். படுபாவி! எதிராளிக்கு அது எப்படிக் கேட்கும்? உன் தலையைப் பறிக்கிறேன் பார் என்றுதானே?

எதிரே இருந்த கறுப்புக் காலணியில் ஒன்று தரையைவிட்டு மேலே போனது.

"என்னடா கசாப்பு? ஜெயில் சோறு போதலையா?" டாம் ஹோயின் குரல். தாடை கோணிப்போனதால் கொஞ்சம் குழறியது.

அண்ணனின் இடுப்பு என் விரலுக்கடியில் கல்லாய் இறுகியது. வலது குதிகால் எழும்பியது. அந்தக் குதிகாலை எனக்குத் தெரியும். டாம் ஹோயின் தாடை உடைவதற்கு முன்னாலும் அது அப்படித்தான் எழும்பியது. வேண்டாம் அண்ணே, முனையில் பை நிக்குது அண்ணே என்று கத்த நினைத்தேன்.

குதிகால் இறங்கியது.

அப்புறம் அவரே இறங்கினார். மெதுவாக, முழங்கால் அகல, கொஞ்சம் கொஞ்சமாக. கச்சையோடு நானும் இறங்கினேன். முதுகு விண்டுபோகும்போல இருந்தது. இன்னும் இறங்கினார். எங்கள் சிங்கத்தின் தாடி தரையைத் தொட்டது. கடையில்கூட அவர் அவ்வளவு கீழே போய் நான் பார்த்ததில்லை.

உதை அப்போதுதான் விழுந்தது. சிங்கத்தின் வாய்க்குள் நேராக நுழைந்தது. தலைக்கு உள்ளே கட்டிய மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது, கூடவே வேறு ஏதோ. அண்ணனின் உடம்பு ஒருமுறை குலுங்கியது. கால் அசையவில்லை. எனக்குத்தான் கோபம் தலைக்கேறிவிட்டது.

"விடுங்கண்ணே! அவனை நான் பாத்துக்கறேன்!" ஒரு கையை உருவிவிட்டேன்.

"கச்சையைப் பிடிடா." அவர் குரல் சளசளவென்று நனைந்திருந்தது. "விட்டீன்னா உன் காலை முறிச்சுருவேன்."

பிடித்தேன். குண்டு ங்காவுக்கு அப்போதுதான் போதை தெளிந்து முரசு நின்றது. அந்த அமைதியில் எங்கள் சிங்கம் இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை, நடுவில் ஒருமுறை தலை வணங்கியது. மேளத் தப்பு எங்களுடையது, மன்னிப்பும் எங்களுடையது. வணங்கிவிட்டு அப்படியே தரையோடு காத்திருந்தது. என் தொடை நடுங்கி, கண்ணில் வியர்வை இறங்கி, இன்னும் கொஞ்சம் போனால் அழுதிருப்பேன். முன்னால், இன்னொரு உதைக்குத் தூக்கிய அந்தக் கறுப்புக் காலணி காற்றிலேயே நின்றது.

கடைசியில் அது தரைக்கு வந்தது. அவர்கள் சிங்கத்தின் தாடியும் வந்து எங்கள் தாடிக்குப் பக்கத்தில் தரையைத் தொட்டது. சுவரோடு ஒட்டி எங்களைக் கடந்தார்கள். கடக்கும்போது டாம் ஹோய், "முதல்ல மேளக்காரனை மாத்துங்கடா" என்றான்.

சந்து முனையில் அண்ணன் தலையைக் கழற்றினார். உதடு கிழிந்து தொங்கியது. முன்பல் ஒன்றைக் காணோம், கழுத்துவரை ரத்தம். ஓடிவந்த அண்ணியைப் பார்த்ததும், கை கழுவிவிட்டு வந்த பிள்ளைமாதிரி இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார்.

"கை படலை" என்றார். பல் போன வாயில் காற்றுதான் வந்தது.

"தெரியும்" என்றாள் அண்ணி. "கூட்டத்துக்கு நடுவுல சிங்கத்தைக் காணோம். தரையோட தரையாப் போயிட்டீங்கன்னு அப்பவே தெரிஞ்சுருச்சு."

பையைத் திறந்தாள். மேலாக மடித்து வைத்திருந்த நீலப் பட்டுச் சட்டையை உருவி, சுருட்டி, அவர் வாயில் வைத்து அழுத்தினாள். பட்டு கறுப்பாக நனைந்தது.

"எங்கம்மா வீட்டுக்குப் போட்டுக்கிட்டுப் போறதுக்குன்னு வச்சிருந்தது" என்றாள். "போச்சு. இனிமே எதைப் போட்டுக்கிட்டுப் போறது?"

பிறகு பையை என் பக்கம் நீட்டினாள். "இதைக் கொண்டுபோய் வீட்டுல வச்சு, துணியெல்லாம் எடுத்து அலமாரில அடுக்கு தம்பி. நான் போய்க் கஞ்சி வைக்கணும். இந்த மனுஷனால இன்னிக்கு எதையும் மெல்ல முடியாது."