கொழுந்தனை வீழ்த்திய விதம்

என் கொழுந்தனை நான் முதன்முதலாக ஜெயித்த ஞாயிற்றுக்கிழமை, சோபாவின் மேல் ஏறி நின்று கத்தினேன். இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள், முட்டி வலிக்குத் தைலம் தடவுகிறவள். அத்தை அடுப்படியிலிருந்து கரண்டியும் கையுமாக ஓடிவந்து, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறிப்போய் நின்றார். அவனுக்கு ஆகித்தான் இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கத்தினேன் என்பதை இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை.

நாங்கள் ஆடியது டிவியில் ஆடும் கூண்டுச் சண்டை கேம். கம்பி வலை போட்ட கூண்டுக்குள் இரண்டு பேர். குத்தலாம், உதைக்கலாம், காலை வாரிக் கீழே தள்ளி மேலே ஏறி உட்காரலாம், கையை முறுக்கலாம், கழுத்தை இறுக்கலாம். தாங்க முடியாதவன் தரையைத் தட்டினால் தோற்றான் என்று அர்த்தம். வைகாசியில் என் வீட்டுக்காரர் வேலூரில் ஒரு நண்பரிடமிருந்து பழைய கேம் பெட்டியும் இரண்டு கன்ட்ரோலரும் வாங்கிவந்தார், பிள்ளைகளுக்கு என்று சொல்லி. பிள்ளைகள் ஒரே மாதத்தில் செல்போனுக்குத் திரும்பிவிட்டார்கள். பெரியவர்கள் நாங்கள்தான் பைத்தியமானோம்.

என் வீட்டுக்காரர் ஆடுவதை ஆட்டம் என்று சொல்ல முடியாது. எல்லாப் பொத்தானையும் ஒரே நேரத்தில் அமுக்குவார், பல்லைக் கடித்துக்கொள்வார், இரண்டு நிமிடத்தில் அவருடைய ஆள் மூச்சு வாங்கி நிற்பான். எனக்கு உதை பிடிக்கும். கிக் பாக்ஸரை எடுத்துக்கொண்டு தலைக்கு உயரமாகக் காலை வீசுவேன். பத்தில் ஒன்று பட்டால் அதிகம். பட்டால் எதிராளி சுருண்டு விழுவான், அந்த ஒன்றுக்காக மீதி ஒன்பதை வீணடிப்பேன்.

கொழுந்தன் வேறு மாதிரி. அவன் எடுப்பது எப்போதும் குத்துச்சண்டைக்காரனை. இடது கையால் சின்னதாக ஒரு குத்து, ஒரு அடி பின்னால், மறுபடி ஒரு குத்து. நாம் கோபப்பட்டு உள்ளே பாய்ந்தால் அதற்காகவே காத்திருந்தவன் போல வயிற்றில் இரண்டு போடுவான். வயிற்றில் வாங்கினால் திரையில் மூச்சைக் காட்டும் கோடு குறையும், குறைந்தது திரும்ப முழுசாக ஏறாது. மூன்றாவது ரவுண்டில் என் ஆள் காலைத் தூக்கவே திணறுவான். அப்போது பொறுமையாகத் தாடையில் ஒன்று. "ஜல்திப் படாதீங்க அண்ணி, மூச்சை மிச்சம் புடிங்க" என்று சிரித்துக்கொண்டே புத்தி வேறு சொல்வான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவனுக்குச் செய்யாரில் ஒரு கம்பெனியில் வேலை. தகடு வெட்டும் பிரஸ் மிஷினில், கான்ட்ராக்டில், மூன்றாவது வருடம். தீபாவளி முடிந்ததும் பர்மனென்ட் ஆகிறவர்கள் லிஸ்ட் வரும், இந்த முறை அவன் பெயர் இருக்கும் என்று வீடே நம்பிக்கொண்டிருந்தது. வந்தவாசிப் பக்கம் ஒரு பெண் வீட்டில் பேசி முடித்திருந்தோம். "லிஸ்ட் வரட்டுங்க, தட்டு மாத்திக்கலாம்" என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவன் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு டிபன் டப்பா கட்டிக்கொடுத்தது நான். அவன் கல்யாணத்துக்கு எந்தப் புடவை கட்டுவது என்பதுவரை நான் முடிவு செய்துவைத்திருந்தேன்.

சித்திரையில் அவன் வலது கை ஆட்காட்டி விரலில் கட்டோடு வந்தான். "தகரம் கிழிச்சிடுச்சி, சும்மா கீறல்" என்றான். பத்து நாளில் கட்டு போனது. விரலின் அடியில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மிச்சம். எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

நான் மறக்கவில்லை என்று சொன்னால் அக்கறை என்று நினைத்துக்கொள்வீர்கள். அப்படி இல்லை. என் கண்ணின் பழக்கம் அது. நான் பட்டுப் புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். பகல் முழுக்கக் கட்டம் கட்டமாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கட்டம் தப்பினால் மயிலுக்கு மூக்கு கோணிவிடும், தறியில் ஏறிய பிறகு கடைக்காரர் கத்துவார். எதில் எது தப்பியிருக்கிறது என்று தேடுவது எனக்குக் கண்ணிலேயே ஊறிவிட்டது.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பரிமாறிக்கொண்டிருந்தேன். ரசம் ஊற்றும்போது பார்த்தேன், அவன் சோறு பிசைகிற கையில் மூன்று விரலும் கட்டைவிரலும்தான் வேலை செய்துகொண்டிருந்தன. ஆட்காட்டி விரல் மட்டும் மடங்காமல் இலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. சூடான ரசம் அதன்மேல் தெறித்தது. அவன் கையை இழுக்கவில்லை. அவனுக்குத் தெரியவே இல்லை.

அந்த நொடியில் மனுஷியாய் இருக்கிற யாருக்கும் என்ன தோன்றும்? தம்பி, விரலுக்கு இன்னா ஆச்சு என்று கேட்கத் தோன்றும். எனக்குத் தோன்றியது வேறு. ஓஹோ, அதனால்தான் இவன் யாரையும் கிட்டே விடுவதில்லை என்று தோன்றியது.

ஏன் என்று சொல்கிறேன். நின்று சண்டை போடும்போது கட்டைவிரல்களே பெரும்பாலும் போதும். கீழே விழுந்துவிட்டால் கதை வேறு. மேலே உட்கார்ந்திருப்பவன் எந்தப் பக்கம் நகரப் பார்க்கிறானோ அதைத் தடுக்க, கன்ட்ரோலரின் பின்பக்கம் இருக்கும் பொத்தானை வலது ஆட்காட்டி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் முன்பக்கம் இருக்கும் சின்னக் குச்சியை அதே பக்கம் தள்ள வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். அரை நொடி தாமதித்தால் மேலே இருப்பவன் மார்புக்கு ஏறிவிடுவான். நான் அதுவரை அவனுடைய ஒதுங்கி ஒதுங்கி ஆடும் ஆட்டத்தைத் திறமை என்றும் திமிர் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவன் ஒளித்துவைத்திருந்த விரல்.

அடுத்த இரண்டு வாரம், மதியத்தில் டிசைன் வேலையை ஓரம் கட்டிவிட்டு, கம்ப்யூட்டர் ஆளோடு தனியாக ஆடிப் பழகினேன். கிக் பாக்ஸரை விட்டுவிட்டு மல்யுத்தக்காரனை எடுத்தேன். முகத்துக்குக் குத்துவதுபோல் கையை ஆட்ட வேண்டும், எதிராளியின் கை மேலே போகும், அப்போது குனிந்து இரண்டு காலையும் வாரிவிட வேண்டும். கீழே போனதும் அவசரப்பட்டுக் குத்தக்கூடாது. எடையை அவன்மேல் போட்டுக் கிடக்க வேண்டும். இடது பக்கம் நகர்வதுபோல் காட்டி வலது பக்கம் போக வேண்டும். மார்புக்கு ஏறிய பிறகு கையை முறுக்க வேண்டும். இவ்வளவு ஒழுங்காக நான் பத்தாம் வகுப்புக்குக்கூடப் படித்ததில்லை.

ஜெயித்தேன். அதுதான் நான் சோபாவில் ஏறிய நாள். "அண்ணி, இது போங்கு ஆட்டம்" என்று அவன் சிரித்தான். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் ஜெயித்தேன். மூன்றாவது வாரம் அவன் பின்பொத்தானை நடுவிரலால் அழுத்த முயல்வதைப் பார்த்தேன். கை வசமில்லாமல் கன்ட்ரோலர் மடியில் நழுவியது. அதையும் குறித்துக்கொண்டு, அவன் பழகுவதற்குள் இன்னும் வேகமாக ஆடினேன்.

ஆவணியில் அவனுடைய சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்தார். புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை வைக்க, மனைவியோடு. நல்ல மனுஷர். தட்டில் குங்குமம், மஞ்சள், வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை மாமா கையில் கொடுத்து எல்லோரையும் பெயர் சொல்லி அழைத்தார். டிவியில் கூண்டு ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, இத என் பையன் ஆடுவான்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். கொழுந்தன் அவரோடு ஆடினான். இடது குத்து, ஒரு அடி பின்னால், இடது குத்து. இரண்டாவது ரவுண்டில் சார் மல்லாந்தார்.

"இன்னாப்பா இது, கிட்டவே வர உடமாட்டேன்ற! உன்ன யாராலயும் அடிக்க முடியாதா?"

அவன் சிரித்து மழுப்பினான். நான் காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. அஞ்சு வாரமாக இந்த வீட்டில் ஜெயித்துக்கொண்டிருப்பவள் யார் என்று அந்த மனுஷருக்குத் தெரியாமல் போய்விடப் போகிறது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"நான் சொல்றேன் சார். கால வாரிக் கீழ தள்ளிடுங்க, அவ்ளோதான். கீழ போனா தம்பியால தடுக்கவே முடியாது. அந்த விரல் அவருக்கு வேலை செய்யாது. சூடு பட்டாக்கூடத் தெரியாது."

"எந்த விரல்மா?"

நான் தட்டை ஒரு கையில் மாற்றிக்கொண்டு, என் வலது ஆட்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினேன். சிரித்துக்கொண்டே காட்டினேன்.

சார் சிரிக்கவில்லை. கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். "மடக்கு, பாக்கலாம்" என்றார். கொழுந்தன் டிவியையே பார்த்துக்கொண்டு கையை நீட்டினான். விரல் பாதிதான் மடங்கியது.

"எப்ப ஆச்சு?"

"சித்திரையில, சார்."

"மிஷின்லயா?"

"ஆமா சார்."

"கிளவுஸ் போட்டுகினு மறைச்சிகினு இருந்தியா? ஏம்பா சொல்லல?"

சொன்னால் மிஷினைவிட்டு எடுத்துவிடுவார்கள், எடுத்துவிட்டால் லிஸ்ட்டில் பெயர் வராது. அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அப்போது புரிந்துவிட்டது. சார் காப்பியைப் பாதி குடித்துவிட்டு எழுந்தார். அவர் மனைவி எனக்குக் குங்குமம் கொடுத்து, கட்டாயம் வரணும் என்றார். நான் வருகிறேன் என்றேன்.

செவ்வாய்க்கிழமை அவனை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். தீபாவளி கழிந்து வந்த லிஸ்ட்டில் அவன் பெயர் இல்லை. வந்தவாசிக்காரர்கள் "பாக்கலாங்க" என்றார்கள், அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து போனே இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நரம்பு போய்விட்டது, அப்போதே வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார்கள்.

"நல்லதுக்குத்தான்டி. மரத்த விரலோட பிரஸ்ல நின்னா கையே போயிருக்கும்" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அத்தையும் அதையே சொன்னார். சார் செய்ததில் தப்பே இல்லை. நானும் கொஞ்ச நாள் அந்தப் பேச்சுக்குள் ஒண்டிக்கொண்டேன். வாயைத் திறந்ததால் அவன் கை பிழைத்தது, என்னால் நல்லதுதான் நடந்தது என்று பல் துலக்கும்போதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவன் கைக்காக நான் வாயைத் திறக்கவில்லை. காப்பி கொண்டுவந்த பொம்பளையை ஒரு மனுஷர் நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காகத் திறந்தேன். கை போய்விடும் என்ற நினைப்பு இருந்திருந்தால் ஆனி மாதமே, ரசம் தெறித்த அன்றே கேட்டிருப்பேன். வெட்கமாக இருக்கிறது. இதைவிட நல்ல வார்த்தை கிடைக்கவில்லை.

அவன் என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. திருப்பிக்கொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு ஞாயிறு, நான் புடவை அடுக்குக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த கன்ட்ரோலர்களை அவனே தேடி எடுத்து வந்தான். "வாங்க அண்ணி, பேஜாரா கீது" என்றான். நான் கிக் பாக்ஸரை எடுத்தேன். தூர நின்று உயரமாகக் காலை வீசினேன், ஒன்றும் படவில்லை. வயிற்றில் வாங்கினேன், மூச்சு இறங்கியது. "கீழ தள்ளுங்க அண்ணி, பரவால்ல" என்றான். நான் தள்ளவில்லை. தோற்றேன்.

அப்புறம் சாப்பிட உட்கார்ந்தான். இப்போதெல்லாம் அவன் அந்த விரலை மறைப்பதில்லை. அது பாட்டுக்கு நீட்டிக்கொண்டு நிற்க, மற்ற விரல்களால் பிசைந்தான். நான் ரசக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றேன்.

"ஆடும்போதுதானே கண்டுபுடிச்சீங்க அண்ணி?" என்று தலை நிமிராமல் கேட்டான்.

"ஆமா தம்பி" என்றேன்.

"அதானே. ஒரு நாள் ரசம் ஊத்தும்போது பாத்துட்டீங்களோன்னு பயந்துகினே இருந்தேன். அப்புறம் நானே நெனச்சிகினேன், அண்ணி பாத்திருந்தா கேட்டிருப்பாங்களேன்னு."

இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று மட்டும் கேட்டேன்.