கேட்டில் கற்றது, பிரஸ்ஸில் காத்தது

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இரும்புத் தகடு வெட்டும் பவர் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டே, டெரிட்டோரியல் ஆர்மியிலும் இருந்தேன். வருடத்தில் சில வாரம் மட்டும் சிப்பாய். ஒரு வருடம் முகாமில் எனக்கு ராணுவ போலீஸ் வேலை கொடுத்து, சிவப்புத் தொப்பியுடன் கேட்டில் நிறுத்தினார்கள்.

ஒரு மதியம் அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே போகப் பார்த்தவர், அம்பத்தூரில் எங்கள் ஃபேக்டரி சூப்பர்வைசர் தேவராஜ். முகாமில் அவரும் என்னைப் போலச் சாதா சிப்பாய்தான்.

"இன்னாடா, என்னையே நிறுத்துற? முகாம் முடிஞ்சா என்கிட்டதானே வேலைக்கு வரணும்?" என்றார்.

"அங்க வர்றப்ப வரேன் சார். இங்க சீட்டு கீதா?" என்றேன்.

இல்லை. மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன். அவரை வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்கள்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, கை உள்ளே போகாமல் காக்கும் தடுப்புக் கம்பி கழன்றிருந்த பிரஸ்ஸில் தேவராஜ் என்னைப் போட்டார். நான் தொடவில்லை. "கம்பிய மாட்டுங்க, ஓட்டறேன்" என்றேன்.

"பெரிய மிலிட்டரி போலீஸ் இவரு" என்று சிரித்தபடி அவரே பெடலை மிதித்துக் காட்டினார். ஒரு மிதிக்கு ஒரு தடவை இறங்க வேண்டிய பிரஸ் இரண்டு தடவை இறங்கியது. இரண்டாவது தடவை, நாங்கள் அடுத்த தகட்டை வைக்கக் கை நீட்டும் நேரம். அன்றே மெஷினை நிறுத்திச் சரிசெய்து கம்பியும் மாட்டினார்கள்.

அதுவரை சூப்பர்வைசர் சொன்னால் எந்த மெஷினிலும் கை வைப்பேன். இப்போது யார் சொன்னாலும் முதலில் தடுப்பைப் பார்க்கிறேன். திமிர் பிடித்தவன் என்கிறார்கள். சொல்லட்டும். பத்து விரலும் இருக்கின்றன.

- கு. ஏழுமலை, மண்ணூர்பேட்டை