புதுத் தோல் பரிசல்

புதுப் பரிசலின் தோல் கிழிந்துவிடும் என்றுதான் அதை மச்சானுக்குக் கொடுக்கவில்லை. இதை வாய்விட்டுச் சொல்ல இத்தனை வருஷம் ஆயிற்று. த்தூ, என்ன மனுஷன் நான்!

முப்பதுகளின் கடைசியில் இண்டூர்ப் பக்கம் மழை பொய்த்தது. என் மனைவியின் அண்ணன் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு ஒகேனக்கல்லுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அங்கே பரிசல் ஓட்டிக்கொண்டிருந்தேன். துறைக் குத்தகைக்காரர் பரிசல் ஓட்ட ஓர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். அந்த வேலை கிடைத்தால்தான் மச்சானின் பிள்ளைகளுக்குக் கஞ்சி.

என்னிடம் இரண்டு பரிசல்கள். பழையது அகலம், நல்ல கனம். ஆறு எவ்வளவு இழுத்தாலும் அசைந்துகொடுக்காது. ஒரே பக்கம் துடுப்புப் போட்டாலும் எப்படியோ போய்ச் சேரும். மற்றது சிறியது, அப்போதுதான் புதுத் தோல் போர்த்தியது. அதில் ஒரே பக்கம் போட்டால் பம்பரந்தான். முன்னால் குனிந்து இடமும் வலமும் மாற்றி மாற்றி இழுத்தால்தான் நேராகப் போகும். புது ஆளைக் குத்தகைக்காரர் இதே மாதிரியான தன் சின்னப் பரிசலில்தான் ஏற்றிப் பார்ப்பார். அதுவும் எனக்குத் தெரியும்.

தெரிந்தும் மச்சான் ஓட்டிப் பழகப் பழையதைக் கொடுத்தேன். நாளைக்குச் சின்னதைக் கொடுக்கலாம், நாளைக்குக் கொடுக்கலாம் என்று பத்து நாள் கடத்தினேன். மச்சான் வலது பக்கமே துடுப்புப் போட்டு வேகத் தண்ணீரைத் தாண்டிக் காட்டினார். சரியாக இருக்கிறதா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஒரு பக்கமே போடுகிறீர்கள் என்று சொன்னால் சின்னதைக் கொடுத்தாக வேண்டுமே.

“நல்லாத்தான் ஓட்றீங்க மச்சான்,” என்றேன்.

குத்தகைக்காரர் சோதித்துப் பார்த்த அன்று, நடு ஆற்றில் அவருடைய சின்னப் பரிசல் சுற்ற ஆரம்பித்தது. மச்சான் பயந்துபோய் வலப்பக்கமே ஓங்கி ஓங்கிப் போட்டார். போடப் போட அது வேகமாய்ச் சுற்றியது. கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? பரிசல் பாறையில் மோதி, விளிம்பைப் பிடித்திருந்த அவர் வலது கை நசுங்கியது. ஆளைக் கரை சேர்த்துவிட்டோம். மூன்று விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. வேலை வேறொருவனுக்குப் போயிற்று.

ஊருக்குத் திரும்பும் அன்று, சாப்பிட உட்கார்ந்தபோது, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தங்கையிடம் சொன்னார்:

“மாப்பிள்ளை மேல ஒரு குத்தமும் இல்ல கண்ணு. தன் பரிசலையே குடுத்துக் கத்துக்குடுத்தாரு. எனக்குத்தான் கை வரல.”

வாசலில் புதுப் பரிசல் ஒரு கீறல் இல்லாமல் கவிழ்ந்து கிடந்தது. மனைவி என்னைப் பெருமையாகப் பார்த்து, என் வட்டிலில் இன்னொரு களி உருண்டையை வைத்தாள். நான் அதையும் தின்றேன்.