பாடுகிறவர் எங்கே நிற்கிறார்?

ஸ்பீக்கர் பெட்டி செய்வது சுலபம். செய்த பெட்டிக்கு ஒரு வீட்டுக் கூடத்தில் இடம் பிடிப்பதுதான் பெரும்பாடு. எழுபதுகளில் செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த நான், மனைவியின் தம்பி மாணிக்கத்தோடு சேர்ந்து அந்தப் பாடு பட்டேன். அவன் தச்சன். பலகை அறுத்துப் பெட்டி அடிப்பது அவன் வேலை. உள்ளே ஸ்பீக்கரைப் பூட்டி, ஒயர் இழுத்து, வீட்டில் கொண்டுபோய் வைத்துப் பாடவைப்பது என் வேலை. ஒரு பெட்டிக்கு ஒரே ஸ்பீக்கர்தான். மிருதங்கத்தின் கனமும் அதில்தான் வரவேண்டும், புல்லாங்குழலும் அதில்தான். அதனால் பெட்டியை ஒரு சாண் நகர்த்தினாலும் பாட்டு மாறிவிடும். சொந்தக் கையால் பெட்டி செய்து வீட்டாரிடம் திட்டு வாங்கியவர்கள் உங்களில் இருந்தால், நான் சொல்வது உடனே புரியும்.

கிர்ர்

கூடுவாஞ்சேரியில் ஒரு ரயில்வே கார்டு வீட்டில் புதுப்பெட்டிகளை வைத்தோம். பாட்டு நன்றாக வந்தது. ஆனால் மிருதங்கம் அடித்தொண்டையில் பேசும்போதெல்லாம் கூடவே ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம். திருகாணிகளை முடுக்கினேன். ஸ்பீக்கரைக் கழற்றி, அதன் காகிதக் கூம்பு கிழிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "என் பசை விட்டிருக்காது மாமா" என்று மாணிக்கம் முகத்தைத் தூக்கிக்கொண்டான். கார்டு கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

அப்போது அவர் மனைவி எங்களுக்குக் காபி எடுக்க, சுவர் அலமாரியில் அடுக்கியிருந்த எவர்சில்வர் டம்ளர்கள் மேல் கையை வைத்தார். சத்தம் நின்றது. கையை எடுத்தார், கிர்ர். மறுபடி வைத்தார், நின்றது. எனக்குப் போன உயிர் வந்தது. டம்ளர்களுக்கு அடியில் பழைய துண்டு ஒன்றை விரித்தோம். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ உங்க பொட்டி நல்லாகீது, எங்கம்மா வூட்டு சீருதான் சரியில்லன்றீங்களா?"

கூடத்தில் ஆளில்லை

சதுரங்கப்பட்டினத்தில் மீன் ஏலம் எடுக்கும் ஏழுமலை, புதுவீட்டுக்கு எங்களிடம் ஒரு ஜோடி வாங்கினார். குடிபுகும் அன்றே பாடவேண்டும் என்பது அவர் கட்டளை. குப்பத்தில் பாதிப்பேரைக் கூப்பிட்டுவிட்டார். இசைத்தட்டு சுழன்றது, பாட்டு ஆரம்பித்தது. கனமே இல்லை. குரல் இங்கே இருந்தும் வரவில்லை, அங்கே இருந்தும் வரவில்லை. தண்ணீருக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதுபோல் இருந்தது. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இதுக்கா இவ்ளோ அலட்டல் வுட்டுகினு இருந்தான்?" என்று பின்னால் யாரோ சொன்னது என் காதிலும் விழுந்தது, ஏழுமலை காதிலும் விழுந்தது. அவர் என் பக்கம் குனிந்து, "இன்னா நைனா, பாடறவன் எங்க நின்னுகினு பாடறான்?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கெஞ்சலாகக் கேட்டார்.

பெட்டிகளைச் சுவரைவிட்டு இழுத்தேன், முகத்தை உள்பக்கம் திருப்பினேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் ஒரு பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தேன். அவசரத்தில் அதில் மட்டும் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் பூட்டியிருக்கிறேன். ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுத்துக்கொண்டிருந்தது. ஒயரை மாற்றினேன். கனம் திரும்பியது, குரல் நேரே இரண்டு பெட்டிக்கும் நடுவில், காலியாக இருந்த இடத்தில் வந்து நின்றது. ஏழுமலை அந்த இடத்தையே பார்த்துவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்: "இப்பதாம்ப்பா அவன் வூட்டுக்குள்ள வந்தான்!"

கல் பயணம்

மாமல்லபுரத்தில் சிலை செதுக்கும் ஒருவர், மாணிக்கம் அடித்த ஸ்டூல் ஆடுகிறது என்று தானே இரண்டு கல் பீடம் செதுக்கி அதன்மேல் பெட்டிகளை வைத்துக்கொண்டார். பாட்டு அப்படித் தெளிந்தது! அதே மாதிரி இன்னொரு ஜோடி செதுக்கித் தரச் சொல்லி, சாக்கில் சுற்றி, நானும் மாணிக்கமும் மூச்சு வாங்க பஸ்ஸில் ஏற்றினோம். கண்டக்டர் சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். சாமி சிலை இல்லை, ஸ்பீக்கருக்கு என்று விளக்கினேன். அவர் மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னார்: "சாமியா இருந்தா சும்மா ஏறவுட்டுருப்பேன். ரேடியோவுக்கெல்லாம் லக்கேஜ்தான்."

இடப்பக்கம்

ராஜேஸ்வரி செங்கல்பட்டில் டெலிபோன் ஆபரேட்டர். கணவர் பள்ளி ஆசிரியர். பெட்டிகள் வைத்த மறுநாளே கடைக்கு வந்து, "இடப்பக்கப் பொட்டி பேசவே மாட்டேங்குதுண்ணா" என்றார். போனேன். எனக்கு இரண்டும் சமமாகவே கேட்டது. ஆனாலும் வாங்கியவர் சொல்லும்போது இல்லையென்று எப்படிச் சொல்வது? பெட்டிகளை இடம் மாற்றினேன். "இப்பவும் இடப்பக்கந்தான்" என்றார். ஒயரை மாற்றினேன். அதே பதில். இடப்பக்கம் இருந்த ஜன்னலை மூடினேன், திரைச்சீலையை எடுத்தேன். அதே பதில். ஆசிரியர் சங்கடத்தோடு, "வுடேன், நல்லாத்தானே இருக்கு" என்றார். மாணிக்கம் அலுத்துப்போய், "அக்கா, நீங்கதான் திரும்பி உக்காந்து பாருங்களேன்" என்றான்.

அவர் சிரித்துக்கொண்டே நாற்காலியைத் திருப்பிப்போட்டு, பெட்டிகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். சிரிப்பு நின்றது. இதுவரை நன்றாகப் பேசிய பெட்டி இப்போது பேசவில்லை. பேசாத பெட்டி பேசியது. பிறகு மெதுவாக வலக்காதைப் பொத்திக்கொண்டார். "பொட்டி இல்லண்ணா. என் காது." பெட்டியில் பழுதில்லை என்று எனக்கு நிம்மதி வந்திருக்கவேண்டிய நேரம். வரவில்லை. கொஞ்ச நாளாகவே எக்ஸ்சேஞ்சில் தன்னை அறியாமல் ஹெட்போனை வலப்பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "இதுவும் போயிடுச்சுன்னா என்னை எந்த சீட்ல உக்காரவைப்பாங்க?" என்று கணவரைக் கேட்டார். அவர் எழுந்து பாட்டை நிறுத்தினார். நாங்கள் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டோம். மாணிக்கம் வழியெல்லாம், "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது மாமா" என்று புலம்பினான்.

மறுநாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சாயங்காலம் ஆசிரியர் சைக்கிளில் வந்து, இறங்குவதற்கு முன்பே, "அழுக்கு! வெறும் அழுக்கு! கல்லு மாதிரி அடைச்சிகினு இருந்துதாம், கழுவி எடுத்துட்டாங்க!" என்று கத்தினார். மாணிக்கம் கையிலிருந்த இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையைத் தேடினான். கடையை அப்படியே விட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்கு ஓடினோம். ராஜேஸ்வரி அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாட்டு இன்னும் போடவில்லை. என்னைப் பார்த்ததும் விரலை மேலே காட்டி, கண்ணில் தண்ணீரோடு சொன்னார்: "அண்ணா, இந்த ஃபேன் இவ்ளோ சத்தம் போடுதுன்னு ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லலையே!"

இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும் உட்காரச் சொன்ன இடத்தில் உட்காராமல் கூடத்தின் நடுவில் நின்று எதிரொலி எப்படி வருகிறது என்று ஒருமுறை கைதட்டிப் பார்க்கிறேன் என்பதால், மாணிக்கத்தின் அக்கா என்னோடு வெளியே வருவதை எப்போதோ நிறுத்திவிட்டாள்.